‘பால் ஊற்றும் பெண்’ ஓவியத்தின் வரலாற்றில் 95 ஆண்டு இடைவெளியா?

பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் ‘பால் ஊற்றும் பெண்’ ஓவியம் 1813இல் லுக்ரேசியா வான் விந்தர் கைக்கு வந்தது, 1908இல் சிக்ஸ் குடும்பத்திடமிருந்து ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போனது, நடுவில் விற்பனைப் பதிவே இல்லை, கைமாறியதை மறைத்துவிட்டார்களோ என்று கேட்டிருந்தீர்கள். மறைக்கவில்லை நண்பரே, கல்யாணம்தான் காரணம்! லுக்ரேசியா 1822இல் ஹென்ட்ரிக் சிக்ஸை மணந்துகொண்டார். படமும் அவரோடு ஆம்ஸ்டர்டாமின் சிக்ஸ் வீட்டுக்குப் போய், அங்கேயே பிள்ளைகளுக்குச் சொத்தாக இறங்கியது. ஏலத்துக்கு வராத படத்துக்கு ஏலப் பதிவு எங்கிருந்து வரும்? லுக்ரேசியாவின் அப்பா வாங்கிய வெர்மீரின் ‘சிறு தெரு’ ஓவியமும் இதே வழியில்தான் சிக்ஸ் வீடு சேர்ந்தது.

அதனால் 1813க்குப் பிறகு ஏலப் பட்டியல்களைப் புரட்டாதீர்கள். திருமண ஒப்பந்தம், உயில், பாகப்பிரிவினை இவற்றைத் தேடுங்கள்.

அதற்கு முந்தைய காலத்துக்குத்தான் பட்டியல் உதவும். 1696 ஆம்ஸ்டர்டாம் ஏலத்தில் வெர்மீரின் 21 படங்கள் வந்தன. நம் படம் அந்தப் பட்டியலில் இரண்டாவது எண்: ‘பால் ஊற்றும் வேலைக்காரி, மிகமிக நன்றாக வரையப்பட்டது’. விலை 175 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்). அதைவிட அதிகம் போனது ‘டெல்ஃப்ட் நகரக் காட்சி’ மட்டும்தான், 200 கில்டர். படத்தில் என்ன நடக்கிறது என்பதையே அன்று தலைப்பாக எழுதினார்கள். இன்றைய பெயரை வைத்துத் தேடினால் சிக்காது.

அப்புறம், 1908இல் இது தனியாக வாங்கப்படவில்லை. சிக்ஸ் வாரிசுகளிடமிருந்து மொத்தம் 39 படங்கள் ஒன்றாக வாங்கப்பட்டன, அருங்காட்சியகங்கள் கலைப்படைப்புகள் வாங்க நிதி உதவும் ரெம்பிராண்ட் சங்கத்தின் உதவியோடு.