எக்ஸ்ரே நார்மல், ஆனால் ஓடினால் முன்னங்கால் எலும்பு வலிக்கிறது: எலும்புக் கீறலாக இருக்குமா?

இருக்கலாம். மாரத்தானுக்காக ஓட்டத்தைத் திடீரென இரட்டிப்பாக்கியதாகச் சொல்கிறீர்கள், அங்கேதான் சந்தேகம். முதல் 2, 3 வாரங்களில் இந்தக் கீறல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது; எம்ஆர்ஐ காட்டிக்கொடுக்கும்.

எலும்பு ஓயாமல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். அந்த வேகத்தை மிஞ்சி, ஓட்டத்தின் அதிர்ச்சி திரும்பத் திரும்ப விழுந்தால் மயிரிழைக் கீறல் விடும். தசைவலி பரவலாக இருக்கும். இதுவோ ஒற்றை விரலால் தொட்டுக் காட்டும் இடத்தில் சுரீரென்று வலிக்கும்.

மருந்து ஓய்வுதான். கீழ்க்கால் என்றால் சுமார் 6 முதல் 8 வாரம் ஓட்டம் கூடாது. வலிக்காதவரை நீச்சல் அடிக்கலாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது (நம்மூரில் இது ஒரு பெருமை!) படுமுட்டாள்தனம். தொடை இடுக்கில் வலி வந்தால் அன்றே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். கீறல் அங்கே இருந்தால், தொடை எலும்பின் கழுத்துப் பகுதி (இடுப்பு மூட்டை ஒட்டிய இடம்) முழுதாக முறிந்துவிடக்கூடும்.

வேகப்பந்து வீச்சாளர்களுக்கு இதே கீறல் கீழ்முதுகில் வரும். பும்ராவுக்கு 2019-ல் வந்தது. 2022-ல் முதுகுக் காயத்தால் டி20 உலகக் கோப்பையில் ஆடும் வாய்ப்பே போனது. 2023 மார்ச்சில் அறுவை சிகிச்சை, ஆகஸ்டில்தான் மறுபடி பந்து வீசினார்.

எலும்பின் பலத்துக்காகச் சாப்பாடு, வைட்டமின் டி அளவையும் கவனியுங்கள். பெண்ணாக இருந்து மாதவிடாய் தவறினால், அதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.