நினைவையும் வரலாற்றையும் பேசும் ஐரோப்பிய ஆவணப்படங்களை எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

கேள்வியில் ஒரு குறையும் சேர்த்திருக்கிறீர்கள்: “பார்க்க ஆசைதான், ஆனால் மிக மெதுவாக நகர்கின்றன, தூக்கம் வந்துவிடுகிறது.” அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. யூத இனப்படுகொலையைப் பற்றிய ‘ஷோவா’ என்ற நீண்ட ஆவணப்படத்தை முதன்முறை பார்க்க உட்கார்ந்தபோது இரண்டாவது மணி நேரத்திலேயே நானும் உறங்கிப்போனேன். எடுத்த எடுப்பில் அதில் இறங்கியதுதான் தவறு என்று பின்னால் புரிந்தது.

மூன்று படங்களைச் சொல்கிறேன். மூன்றும் பிரெஞ்சு இயக்குநர்கள் எடுத்தவை, நாஜிகள் காலத்தைப் பற்றியவை. வெளிவந்த வரிசையிலேயே பாருங்கள். முதலாவது 32 நிமிடம், அடுத்தது நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல், மூன்றாவது ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரம். ஒன்று விட்ட இடத்தை அடுத்தது பிடித்துக்கொள்வதால் வரிசை முக்கியம்.

அலென் ரெனேவின் ‘இரவும் மூடுபனியும்’ 1956இல் வந்தது. நாஜிகளின் வதைமுகாம்கள் விடுவிக்கப்பட்டுப் பத்தாண்டு ஆனதையொட்டி அவரிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை. நான் அங்கே இருந்தவன் இல்லையே என்று முதலில் தயங்கினார். மௌத்தௌசன் முகாமிலிருந்து உயிரோடு திரும்பிய கவிஞர் ழான் கெய்ரோல் வந்து சேர்ந்த பிறகே ஒத்துக்கொண்டார். விவரணை கெய்ரோல் எழுதியது. 1955இல் போலந்தில் நாஜிகளின் மரண முகாம் இருந்த ஆஷ்விட்ஸுக்குப் போய் வண்ணத்தில் எடுத்தார்கள்: புல் முளைத்த தண்டவாளம், ஆளில்லாத கொட்டகைகள். இடையிடையே கறுப்பு வெள்ளையில் பழைய காட்சிகள். பச்சைப் புல்லைக் காட்டும்போதுதான் எனக்கு அதிகம் நடுங்கியது.

அந்தப் படத்தில் ஒரு புகைப்படம் வருகிறது. பிரான்ஸ் மண்ணிலேயே இருந்த ஒரு தடுப்பு முகாம். அதைக் காவல் காப்பவரின் தலையில் பிரெஞ்சுக் காவலர்களின் தொப்பி. தணிக்கைக் குழு அதை நீக்கச் சொன்னது. காவல் காத்தவர்கள் நம்மவர்களே என்று ஊருக்குத் தெரிய வேண்டாமே! கடைசியில் தொப்பியின் மேல் ஒரு உத்திரத்தை வரைந்து மறைத்தார்கள். மேற்கு ஜெர்மனித் தூதரகம் எதிர்ப்புத் தெரிவித்ததால் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவிலிருந்தும் படம் விலக்கப்பட்டது. ஆக, மறதியைப் பற்றி எச்சரிக்க எடுத்த படத்துக்குள்ளேயே ஒரு மறதியைத் திணித்துவிட்டார்கள். இன்று கிடைக்கும் பிரதிகளில் தொப்பி தெரிகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: ‘யூதர்’ என்ற சொல் விவரணையில் ஒரே ஒரு முறைதான் வருகிறது.

அந்தத் தொப்பியை நேருக்கு நேர் பார்த்த படம் மார்செல் ஒஃபுல்ஸின் ‘துயரமும் இரக்கமும்’ (1969). பிரான்ஸை ஜெர்மனி ஆக்கிரமித்திருந்த காலத்தில் க்ளேர்மோன்-ஃபெரான் என்ற பிரெஞ்சு ஊரில் யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதே விசாரணை. பிரெஞ்சுக்காரர்கள் எல்லோரும் எதிர்ப்புப் போராளிகள் என்ற கதை அதில் மெல்ல மெல்லக் கிழிகிறது. ஒரு கடைக்காரர் வருகிறார். யூதர் என்று நினைக்க இடம் தரும் பெயர் அவருக்கு. நாங்கள் யூதர் அல்ல என்று அந்நாளில் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்திருக்கிறார். அதைப் பற்றி ஒஃபுல்ஸ் கேட்கும்போது அந்த முகத்தைப் பாருங்கள். கெட்டவர் என்று ஒதுக்கவும் முடியாது, பாவம் என்று விட்டுவிடவும் முடியாது. இன்னொரு பக்கம், அண்டை வீட்டார் காட்டிக்கொடுத்ததால் புக்கன்வால்ட் முகாமுக்குப் போய்த் திரும்பிய ஒரு விவசாயி. காட்டிக்கொடுத்தது யார் என்று தெரிந்தும் பழிவாங்காமல் இருக்கிறார். தொலைக்காட்சிக்காக எடுத்த இந்தப் படத்தை பிரெஞ்சு அரசுத் தொலைக்காட்சி ஒளிபரப்ப மறுத்தது. 1971இல் பாரிஸ் திரையரங்கில் ஓடியது, வீடுகளுக்குள் வர 1981 ஆனது. யூதர்களைப் பிடித்துக் கொடுத்ததில் பிரெஞ்சு அரசுக்குப் பங்கு உண்டு என்று அந்நாட்டு அதிபர் ஒருவர், ஜாக் ஷிராக், வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 1995இல்தான்.

இனி க்ளோத் லான்ஸ்மானின் ‘ஷோவா’ (1985). எடுத்து முடிக்கப் பதினோரு ஆண்டு ஆயிற்று. பழைய காட்சி ஒன்றுகூடக் கிடையாது. பிணக்குவியல் இல்லை, ஹிட்லர் இல்லை. பிழைத்தவர்கள், பக்கத்தில் குடியிருந்தவர்கள், கொன்றவர்கள் பேசுகிறார்கள். முகாம்கள் இருந்த இடங்கள் பின்னாளில் எப்படி இருந்தன என்று கேமரா சுற்றிவருகிறது. அவ்வளவுதான் படம்.

மெதுவாக இருக்கிறது என்றீர்களே, அதற்குக் காரணம் இருக்கிறது. போலந்து விவசாயி ஒருவர் பேசுகிறார். பேசும்போது கீழே வசனம் வராது. மொழிபெயர்ப்பாளர் அதைப் பிரெஞ்சில் சொல்லும்போதுதான் நமக்கும் புரிகிறது. அதுவரை முகத்தையும் கையையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறோம். சிரித்துக்கொண்டே ஏதோ சொல்கிறாரே என்று நினைப்போம். சொன்னது என்ன என்று தெரியவரும்போது வயிற்றைப் பிசையும்.

வரலாற்றாசிரியர் ரவுல் ஹில்பெர்க் ஒரு ரயில்வே தாளை வைத்துக்கொண்டு விளக்கும் பகுதியை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். மரண முகாமுக்கு ஏற்றிச் சென்றவர்களுக்கும் ரயில் கட்டணம் கணக்கிட்டிருக்கிறார்கள். மூன்றாம் வகுப்புக் கட்டணம். பத்து வயதுக்குக் கீழ் அரை டிக்கெட், நான்கு வயதுக்குக் கீழ் இலவசம், நானூறு பேருக்கு மேல் போனால் குழுச் சலுகை. கைதிகளுக்குப் போகும் வழிக்கு மட்டும். திரும்பி வரும் டிக்கெட் காவலர்களுக்கு. எந்தப் பிணக்குவியலின் படமும் எனக்குச் சொல்லாததை அந்த அரை டிக்கெட் சொன்னது.

ஏப்ரஹாம் பாம்பா வரும் காட்சி எல்லோரும் பேசுவது. ட்ரெப்ளிங்கா மரண முகாமில், நச்சுவாயு அறைக்குப் போகும் பெண்களின் கூந்தலை வெட்ட வைக்கப்பட்டவர். லான்ஸ்மான் இஸ்ரேலில் ஒரு சலூனை வாடகைக்கு எடுத்து, அவர் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்துப் பேச வைக்கிறார். உடன் வேலை செய்த இன்னொரு முடிதிருத்துபவரின் மனைவியும் சகோதரியும் உள்ளே வந்த கதையைத் தொடங்கியதும் பாம்பாவுக்குக் குரல் எழவில்லை. முடியாது, விட்டுவிடு என்கிறார். சொல்லியே ஆக வேண்டும் என்கிறார் லான்ஸ்மான். எனக்கு அந்த இடத்தில் இயக்குநர் மேல் கோபம்தான் வந்தது, இன்றும் முழுதாக ஆறவில்லை. முன்னாள் நாஜிக் காவலர் ஒருவரிடம் பெயரை வெளியிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மறைகேமராவில் பிடித்ததைப் பற்றி எனக்கு அந்த உறுத்தல் இல்லை. பாம்பா விஷயம் வேறு.

நான்கு இரவுகளாகப் பிரித்துப் பாருங்கள், தனியாக வேண்டாம். தயவுசெய்து ஓடும் வேகத்தைக் கூட்டாதீர்கள். என் நண்பர் ஒருவர் ஒன்றரை மடங்கு வேகத்தில் ‘ஷோவா’வை முடித்துவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார். சலூனில் பாம்பா பேசாமல் நின்ற அந்த இடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். அப்படி ஓர் இடம் வந்ததாகவே அவருக்கு நினைவில்லை.