வெசாக் ஓர்கிட் என்று வாங்கியது வெள்ளையாகப் பூத்தால்?

கொழும்பு வெள்ளவத்தையில் வெசாக் ஓர்கிட் என்று வாங்கின செடி வெள்ளையாகப் பூத்தது, இது அதுதானா, கனடாவில் இருக்கிற அக்காவுக்கு அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, நீங்கள் வாங்கினது வெசாக் ஓர்கிட் இல்லை. வெள்ளைப் பூக்கள் ஒன்றாக விரிந்து மறுநாளே வாடினது என்றால் அது புறா ஓர்கிட், டென்ட்ரோபியம் குருமெனாட்டம். திடீர் மழையில் சூடு இறங்கி ஏறத்தாழ 9 நாளில் அக்கம்பக்கத்துச் செடியெல்லாம் சேர்ந்தே பூக்கும். தென்கிழக்காசியா எங்கும் தாராளமாக உண்டு.

வெசாக் ஓர்கிட், அதாவது டென்ட்ரோபியம் மக்கார்த்தியே, இலங்கை ஈரவலயக் காட்டுக்கே உரியது. காடழிப்பாலும் பிடுங்கி விற்பதாலும் அருகிவிட்டது. வெசாக் என்ற பெயருக்கு நல்ல விலை கிடைக்கும், அதனால்தான் இந்தக் குழப்பம்.

தண்டை வடிவாகப் பாருங்கோ. அடி வீங்கி நிமிர்ந்து நின்றால் புறா. மெல்லிசாகத் தொங்கி, மே மாதமளவில் இளம் ஊதாப் பூவும் உதடுபோல் நீட்டின இதழில் கருஞ்சிவப்புத் திட்டும் வந்தால் வெசாக்.

அக்காவுக்கு அனுப்புகிற யோசனையை மட்டும் விடுங்கோ. இந்த இரண்டு ஓர்கிட் செடிக்கும் நாடு விட்டு நாடு போக சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சர்வதேச ஒப்பந்தம்) அனுமதி வேணும்.