முதல் முறையாக இத்தாலி போகிறவர்கள் என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

எதைப் பார்ப்பது என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். காசு வீணாகும் இடங்களை நான் சொல்கிறேன்.

முதலில் ரயில். ரோம், புளோரன்ஸ், வெனிஸ் இடையே ஓடும் அதிவேக ரயில்களுக்கு இருக்கை எண்ணோடு டிக்கெட் வரும், ஏறி உட்கார்ந்தால் போதும். சிற்றூர்களுக்குப் போகும் ‘ரெஜியோனாலே’ ரயில்கள் அப்படியல்ல. காகித டிக்கெட்டை, ஏறும் முன்பே நடைமேடையில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் நுழைத்து முத்திரை பதிக்க வேண்டும். செயலியில் வாங்கியிருந்தால் ‘செக்-இன்’ செய்ய வேண்டும். இல்லையென்றால் டிக்கெட் இருந்தும் அபராதம்தான். ‘தெரியாது’ என்றால் பரிசோதகர் விடமாட்டார். நகரப் பேருந்து டிக்கெட் ‘தபாக்கி’ எனும் புகையிலைக் கடைகளிலேயே கிடைக்கும்.

அப்புறம் காபி. காபிக்கடையை அங்கே ‘பார்’ என்பார்கள். கல்லா அருகே நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் பல இடங்களில் வேறு விலை. சுற்றுலாச் சதுக்கங்களில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மலைக்க வைக்கும். வெனிஸின் சான் மார்கோ சதுக்கத்துப் பழைய கடைகளில் இசைக்குழு வாசித்தால் அதற்கும் பில்லில் தனிக் கட்டணம் சேரும். நின்று குடிப்பதுதான் உள்ளூர் வழக்கமும்கூட. கப்புச்சீனோ காலைக்கு மட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டாலும் தருவார்கள், ஆனால் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

உணவகப் பில்லில் ‘கோபெர்த்தோ’ என்று ஆளுக்கு ஓரிரு யூரோ இருந்தால் சண்டைக்குப் போகாதீர்கள், அது மேசைக் கட்டணம். டிப்ஸ் கட்டாயமில்லை. நீங்கள் கேட்காமல் பில் வராது, கண்டுகொள்ளவில்லை என்று கோபப்பட வேண்டாம். இரவுச் சாப்பாடு ஏழு, ஏழரைக்கு மேல்தான்.

சைவ உணவுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பார்மிஜானோ சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால்தான் உறைய வைக்கிறார்கள். அது வேண்டாமென்றால் ‘மரினாரா’ பீட்சா கேளுங்கள், அதில் சீஸே கிடையாது.

தேவாலயங்களுக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். பையில் ஒரு துப்பட்டா போதும். மிலானில் டா வின்சியின் ‘கடைசி இராவுணவு’ ஓவியத்தைப் பார்க்க 15 நிமிடம்தான் அனுமதி, டிக்கெட் சீக்கிரமே தீர்ந்துவிடும். அதனால் விமான டிக்கெட் போட்ட கையோடு அதையும் எடுத்துவிடுங்கள். தண்ணீர் பாட்டிலுக்குச் செலவழிக்காதீர்கள், ரோம் தெருக்குழாய்களில் நல்ல குடிநீர் இலவசம்.

முடிந்தால் ஆகஸ்ட் மாதத்தைத் தவிருங்கள். வெயில் ஒரு பக்கம், 15ஆம் தேதி ‘ஃபெர்ரகோஸ்தோ’ விடுமுறையையொட்டி உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் நல்ல சிறு உணவகங்கள் பல பூட்டியிருக்கும்.