ஆட்டக்காரர் தரவு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஆடுபுலி ஆட்டத்தை இருவர் இணையத்தில் ஆடும்படி செய்து வெளியிட்டிருக்கிறோம். முதல் நாள் ரிட்டென்ஷன் (நிறுவிய மறுநாளும் ஆட வருவோரின் பங்கு) 18 சதவீதம்தான். இது மோசமா? (ஊத்தங்கரை)

பதில்: முதல் நாள் 40, ஏழாம் நாள் 20, முப்பதாம் நாள் 10 என்று இத்துறையில் வழங்கிவரும் பழைய வாய்ப்பாட்டின்படி மோசம்தான், ஆனால் அதை எட்டும் கேம்கள் மிகச் சிலவே. மூன்று புலி, பதினைந்து ஆடு என்ற ஆட்டத்தில், ஆட்டுக்காரர் எல்லா ஆடுகளையும் இறக்கி முடிக்கும் வரை எதையும் நகர்த்த முடியாது. புதிதாக வருபவருக்கு நீங்கள் எந்தப் பக்கத்தைக் கொடுக்கிறீர்கள், அவர் எத்தனை ஆடுகளை இறக்கி, எத்தனையைப் பறிகொடுத்த பிறகு வெளியேறுகிறார் என்பதைப் பதிவு செய்யுங்கள். ஐந்தாறு ஆடுகளை வைப்பதற்குள் இரண்டை இழந்தவர்தான் மறுநாள் வருவதில்லை என்று தெரியவந்தால், முதல் ஆட்டத்தில் மட்டும் எதிராளிக்குப் பதில் கணினியைப் புலியாக்கிச் சற்று மந்தமாக ஆடவிடலாம். கேள்வியை முதலில் எழுதிக்கொண்டு அதன் பிறகே தரவைத் திரட்டுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி: எங்கள் கேமில் யாரும் நிலைப்பதில்லை. என்ன செய்யலாம்? (பர்கூர்)

பதில்: என்ன கேம், எத்தனை பேர் ஆடுகிறார்கள், எந்த நாளில் விலகுகிறார்கள் என ஒன்றையும் எழுதாதவருக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. மேலுள்ள பதிலைப் படித்துவிட்டு மீண்டும் எழுதவும்.

கேள்வி: தினமும் 120 பேர் ஆடுகிறார்கள். கடைப் பக்கத்தின் நிறத்தை மாற்றி ஏ/பி சோதனை (பாதிப் பேருக்குப் பழையதும் மீதிப் பேருக்குப் புதியதும் காட்டி ஒப்பிடுவது) செய்யலாமா? (ஓசூர்)

பதில்: வேண்டாம். 20 சதவீதம் 22 ஆக உயர்ந்ததா என்பதை ஓரளவு நம்பிக்கையுடன் சொல்லவே ஒவ்வொரு குழுவிலும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் தேவைப்படுவார்கள். பத்துப் பேரை அருகில் உட்காரவைத்து அவர்கள் ஆடுவதைக் கவனியுங்கள்.

கேள்வி: பள்ளி மாணவர்களுக்கான வினாடி வினா கேம் செய்திருக்கிறோம். பின்னால் பயன்படலாம் என்று கைபேசி எண், இருப்பிடம், தொடர்புப் பட்டியல் ஆகியவற்றையும் வாங்கிவைக்கிறோம். இவற்றை வைத்து வருமானம் ஈட்டுவது எப்படி? (பென்னாகரம்)

பதில்: இந்த அன்பர் தம் கடிதத்துடன் ஏறத்தாழ 300 மாணவர்களின் பெயரும் எண்ணும் அடங்கிய எக்செல் கோப்பையும் எனக்கு அனுப்பியிருக்கிறார். முன்பின் அறியாத ஒருவருக்குப் பிள்ளைகளின் எண்களை அனுப்ப மனம் எப்படி வந்தது என்று எனக்கு விளங்கவில்லை. கோப்பை அழித்துவிட்டேன், அவரும் தம்மிடம் உள்ளதை அழிக்க வேண்டும்.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 18 வயது நிரம்பாத அனைவரும் குழந்தைகளே. அவர்களுடைய தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும். அவர்களுடைய நடத்தையைப் பின்தொடர்வதும் அவர்களை இலக்காக்கி விளம்பரம் காட்டுவதும் கூடாது. மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் இருக்கிறது என்று என்னிடம் வாதாட வேண்டாம், ஏனெனில் இன்று திரட்டிய எண்கள் அன்றும் உங்கள் சர்வரில்தான் இருக்கும். ஃபோர்ட்நைட் கேமின் நிறுவனமான எபிக் கேம்ஸ், குழந்தைகளின் தரவு தொடர்பான வழக்கில் மட்டும் 27.5 கோடி டாலர் கட்ட 2022 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. ஃபார்ம்வில் தந்த ஸிங்காவிலிருந்து 2019-இல் ஏறத்தாழ 17 கோடிக் கணக்குகளின் விவரங்கள் திருடுபோயின. பாதுகாப்புக்கென்று தனிக்குழு வைத்திருக்கக்கூடிய நிறுவனங்களுக்கே இந்தக் கதி.

நீங்கள் வாங்காவிட்டாலும், கேமில் சேர்த்திருக்கும் விளம்பர எஸ்டிகே (வேறு நிறுவனம் தரும் ஆயத்த நிரல் தொகுப்பு) வாங்கக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். பிளே ஸ்டோரின் தரவுப் பாதுகாப்புப் படிவத்தில் அதற்கும் சேர்த்தே நீங்கள் பதில் சொல்கிறீர்கள். வினாடி வினாவுக்கு ஒரு புனைபெயரும் மதிப்பெண்ணும் போதும். தொடர்புப் பட்டியலால் எந்தக் கேள்விக்கு விடை கிடைக்கிறது? கேள்வி இல்லையென்றால் தரவும் வேண்டாம்.

கேள்வி: அரூரில் நண்பர்கள் சேர்ந்து நுழைவுக் கட்டணம் வாங்கும் ரம்மி செயலி தொடங்கலாமா?

பதில்: கூடாது. 2025-ஆம் ஆண்டின் ஆன்லைன் கேமிங் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்றே பார்க்காமல் பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டங்களை நடத்துவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது.

கேள்வி: சிக்னல் விட்டுவிட்டு வரும் மலைப்பகுதியில் ஆடுபவர்களின் பதிவுகள் இரட்டிப்பாகின்றன, தேதியும் மாறிவிடுகிறது. (தேன்கனிக்கோட்டை)

பதில்: நல்ல கேள்வி. அஞ்செட்டி போகும் பேருந்தில் ஆடுபவரின் கைபேசி, பதிலே வராததால் அதே நிகழ்வின் பதிவை மறுபடி அனுப்புகிறது. ஒவ்வொரு நிகழ்வுக்கும் கைபேசியிலேயே தனி அடையாள எண் கொடுத்து வரிசையில் சேமியுங்கள். அதே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் தள்ளிவிடட்டும். கைபேசி நேரத்தை அப்படியே நம்பாமல், அனுப்பும் கணத்தில் அது காட்டும் நேரத்துக்கும் சர்வர் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். உங்கள் அறிக்கை யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் ஓடினால், நம்மூரில் காலை 5.30-க்குத்தான் புதிய நாள் பிறக்கும். இரவு 11 மணிக்கும் பின்னிரவு 1 மணிக்கும் ஆடியவர் ஒரே நாளில் ஆடியவராகிவிடுவார். ரிட்டென்ஷன் கணக்கு கெடுவது பல வேளைகளில் இதனால்தான்.

கேள்வி: கணக்கை அழிக்கச் சொல்பவரை லீடர்போர்டு எனும் மதிப்பெண் வரிசைப் பட்டியலிலிருந்தும் நீக்க வேண்டுமா? (பாலக்கோடு)

பதில்: வேண்டும். கணக்கு தொடங்க வைக்கும் செயலி, அதை அழிக்கும் வழியைச் செயலிக்குள்ளும் இணையத்திலும் தர வேண்டும் என்பது பிளே ஸ்டோரின் நிபந்தனை. எதிராளியின் ஆட்ட வரலாறு கெடாதிருக்க, பெயர் இருந்த இடத்தில் ‘விலகிய ஆட்டக்காரர்’ என்று போட்டு, பழைய அடையாள எண்ணையும் அறுத்துவிடுங்கள். பேக்கப்பில் இருப்பதையும் சேர்த்து.