வீட்டில் வளர்த்த ஆமைக்குட்டியைக் காட்டில் விடலாமா?

கேள்வி: திருப்பத்தூர் பக்கம் எங்கள் கடலைக்கொல்லை வரப்பில் போன வருடம் மூன்று நட்சத்திர ஆமைக்குட்டிகள் கிடைத்தன. நாய் கடித்துவிடும் என்று மகன் எடுத்துவந்து வளர்த்தான். நண்பன் கொடுத்ததையும் சேர்த்து இப்போது நான்கு. எலுமிச்சம்பழ அளவில் இருந்தவை சாத்துக்குடி அளவுக்கு வந்துவிட்டன. மழை தொடங்கியதும் ஜவ்வாது மலை அடிவாரத்தில் விட்டுவிடலாமா? ஐயாயிரம் கொடுத்தால் வளர்ப்பதற்குச் சான்றிதழ் வாங்கித் தருவதாகவும் ஒருவர் சொல்கிறார்.

பதில்: விட வேண்டாம். சான்றிதழுக்குப் பணமும் கொடுக்க வேண்டாம்.

எனக்குக் கவலை அந்த நாலாவது குட்டிதான். எத்தனை கை மாறி வந்ததோ, எந்தக் கடையில் எதனோடு கிடந்ததோ தெரியாது. ஆமைகளுக்கு ஒரு சளி நோய் உண்டு. மூக்கில் ஊசிமுனை அளவு குமிழி வந்து உடையும், இமை வீங்கும், பிறகு சரியாகிவிட்டது போலத் தெரியும். கிருமி மட்டும் உள்ளேயே தங்கிவிடும். அமெரிக்காவின் மொஹாவி பாலைவன ஆமையை 1989-இல் அவசரமாகப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்ததற்கு இந்தச் சளியும் ஒரு காரணம். வீட்டில் வளர்த்துப் பாலைவனத்தில் கொண்டுபோய் விட்ட ஆமைகள் இதைப் பரப்பியிருக்கலாம் என்று அங்கே சந்தேகப்படுகிறார்கள். விட்டவர்களும் உங்களைப் போல நல்ல மனதோடு விட்டவர்கள்தான்.

தென் அமெரிக்கா பக்கத்துக் கலாபகோஸ் தீவுகளில் ராட்சத ஆமைகளை வளர்த்துக் காட்டில் விடுகிறார்களே என்று கேட்கலாம். அங்கே பின்சோன் என்ற தீவில் ஆமைக்குட்டிகளை எலி தின்றது. 1965 முதல் முட்டைகளை எடுத்து வந்து, எலிப் பல் இறங்காத அளவுக்கு ஓடு கெட்டிப்படும் வரை நாலைந்து வருடம் வளர்த்துத் திருப்பி விட்டார்கள். 2012-இல் எலிகளை ஒழித்த பிறகு குட்டிகள் அந்தத் தீவிலேயே பிழைக்கின்றன. நம் நட்சத்திர ஆமைக்கு எமன் எலி இல்லை, சாக்குப்பை. நம் நாட்டில் ஒரே ஒரு வட்டாரத்தில் மட்டும் ஒரு வருடத்தில் குறைந்தது 55,000 ஆமைகளைப் பொறுக்குகிறார்கள் என்று 2015-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. நீங்கள் நாலை விட்டால் அதே ஆட்கள் அதே புதரில் வந்து எடுப்பார்கள்.

இப்போது அந்தச் சான்றிதழ். 2020-இல் அரசு கொண்டுவந்த பதிவு வெளிநாட்டு உயிரினங்களுக்கு. அந்தத் தாளைக் காட்டித்தான் இவர்கள் ஊர் ஊராக ஏமாற்றுகிறார்கள். நட்சத்திர ஆமை 2022 திருத்தத்துக்குப் பிறகு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி, யானைக்கு உள்ள அதே பட்டியல் அது. பிடித்தாலோ வைத்திருந்தாலோ 3 முதல் 7 வருடம் சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். யாரும் உங்களுக்கு உரிமம் வாங்கித் தர முடியாது. அதே ஆள் நாளைக்கு, “என்னிடம் கொடுங்கள், நானே காட்டில் விடுகிறேன்” என்பார். கொடுத்துவிடாதீர்கள். அடுத்த வாரம் அவை ஏதோ ஒரு பெட்டியில் துணிக்குள் சுருட்டப்பட்டு விமானம் ஏறியிருக்கும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. இன்று காலையில் வரப்பில் பார்த்தீர்கள், எடுத்தீர்கள், ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை என்றால், எடுத்த அதே புதரடியில் வைத்துவிடலாம். பக்கத்துக் காட்டில் இல்லை, எடுத்த அதே இடத்தில். சாலையைக் கடக்கும் ஆமை என்றால் அது போய்க்கொண்டிருந்த பக்கத்திலேயே ஓரமாக விடுங்கள். ஆனால் ஒரு ராத்திரி வீட்டில் இருந்தது, வேறு ஆமை இருந்த தொட்டியில் கிடந்தது, வளர்ப்பு ஆமையைத் தொட்ட கையால் தூக்கினீர்கள் என்றால் இந்த விலக்கு கிடையாது. உங்கள் நான்கும் இதில் வராது.

வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைப்பதுதான் வழி. சுலபம் என்று பொய் சொல்ல மாட்டேன். ஓர் அலுவலகத்துக்கு நான் இரண்டு ஆமைகளோடு மூன்று நாள் நடந்தேன். வைக்கக் கூண்டு இல்லை, பார்க்க மருத்துவர் இல்லை. கடைசியில் “நீங்களே காட்டில விட்டுடுங்க சார்” என்றார்கள். நோய் பார்க்க ஒரு தனி அறை மாவட்டத்துக்கு ஒன்று வைக்க இத்தனை வருடமாகவா ஆகும்? பிடிபட்டவற்றை ஒரே தொட்டியில் கொட்டி, எந்த வட்டாரத்து ஆமை என்றுகூடப் பார்க்காமல் எங்கோ விடுகிறார்கள். குஜராத் பக்கத்து ஆமையும் நம் பக்கத்து ஆமையும் மரபணுவில் வேறு.

இருந்தாலும் போங்கள். ஒளித்து வைப்பதைவிட நீங்களாகப் போவதே பாதுகாப்பு. தெரிந்த வழக்கறிஞர் இருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். மனுவை இரண்டு பிரதி எழுதி ஒன்றில் முத்திரை வாங்குங்கள். ஒவ்வொன்றின் முதுகையும் அடிவயிற்றையும் படம் எடுத்து இணையுங்கள். எது வரப்பில் கிடைத்தது, எது நண்பன் கொடுத்தது என்று தனித்தனியாக எழுதுங்கள்.

அதுவரை சோறு, தக்காளி, பிஸ்கட் வேண்டாம். அருகம்புல், செம்பருத்தி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல், தட்டையான தட்டில் தண்ணீர், காலை வெயில் போதும். ஓட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். நகம் போல வளைந்து கொடுத்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு, அதையும் மனுவில் எழுதுங்கள். அந்த நாலாவதை இன்றைக்கே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். மற்ற மூன்றுக்கும் தீனி வைத்த பிறகு கடைசியாக அதைத் தொடுங்கள், அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.