அத்தை தைத்த தொடர்கதை

கேள்வி: கடையில் சுலபமாக வாங்கிவிடக்கூடிய ஒரு பொருளை வீட்டில் உட்கார்ந்து கையால் செய்வதில் அப்படி என்ன சந்தோஷம்? உங்களுக்கு அப்படி ஏதாவது கைவேலை உண்டா?

உண்டு. பைண்டிங். வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்து, அடுக்கி, ஊசி நூல் கொண்டு தைத்து, அட்டை போட்டு வைப்பார்களே, அந்த வேலை. எங்கள் வீட்டில் அதை அத்தை செய்தார். இப்போது நான் செய்கிறேன். பதினான்கு வருடங்களாக என் ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் பசைக் கிண்ணத்தோடுதான் போகின்றன.

அத்தை வீடு திருவாரூரில், கமலாலயம் குளத்துக்குப் பக்கத்தில். 1950களின் பிற்பகுதியில் ஆனந்த விகடனில் 'தில்லானா மோகனாம்பாள்' வந்துகொண்டிருந்தபோது அத்தைக்குப் பதினெட்டு வயது இருக்கும். கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் எழுதினார், கோபுலு படம் போட்டார். நாயகி திருவாரூர்க்காரி, நாயகன் சிக்கல் சண்முகசுந்தரம். தெருவில் நாதஸ்வரம் கேட்டே வளர்ந்தவர்களுக்கு அது பக்கத்து வீட்டுச் சமாசாரம் மாதிரி. அத்தை கடைசிவரை அதை "நம்ம ஊர்க் கதை" என்றுதான் சொன்னார்.

பத்திரிகை வந்தால் வீட்டில் ஒரு வரிசை உண்டு. முதலில் தாத்தா, பிறகு பெரியப்பா, பிறகு பெண்கள். எல்லோரும் படித்து முடிக்கும்வரை யாரும் கத்தரிக்கோலைத் தொடக்கூடாது. அதற்குப் பிறகு அத்தை நடுப்பக்கத்தைத் திறந்து, இரண்டு பின்களையும் கத்தி முனையால் நிமிர்த்தி உருவுவார். பின் அடித்த பத்திரிகையில் முன்பாதி ஏடும் பின்பாதி ஏடும் ஒரே தாள். முதல் ஏட்டின் மறுபாதி கடைசி ஏடாக இருக்கும். அதனால் மடிப்போடு ஒட்டி வெட்டித்தான் கதைப் பக்கத்தைத் தனியே எடுக்க முடியும். வெட்டிய ஏடுகள் பழைய பேரேட்டு அட்டைகள் இரண்டுக்கு நடுவில் வைக்கப்பட்டு, ட்ரங்குப் பெட்டிக்கு அடியில் போகும். கதை முடிந்ததும் தைப்பு.

ஒரு வாரம் இதழ் தொலைந்துபோனது. மாயவரத்துக்குப் போன உறவினர் யாரோ ரயிலில் படிக்க எடுத்துப்போய் அங்கேயே விட்டுவிட்டாராம். அத்தை எதிர்வீட்டு இதழை வாங்கிவந்து, அந்த அத்தியாயம் முழுவதையும் கோடு போட்ட தாளில் நீல மையால் எழுதினார். இரண்டு பத்தியாகப் பிரித்து, அச்சில் எங்கே வரி உடைந்ததோ அங்கேயே உடைத்து எழுதியிருக்கிறார். கோபுலுவின் படத்தையும் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறார். நாதஸ்வரத்தின் நீளம் மட்டும் கொஞ்சம் கூடிவிட்டது. "தொடரும்" என்ற சொல்லைக்கூட விடவில்லை.

பன்னிரண்டு வயதில் கோடை விடுமுறைக்குப் போனபோது அந்தப் புத்தகத்தை முதன்முதலில் கையில் எடுத்தேன். "கை கழுவிட்டு வந்து தொடு" என்றார் அத்தை. அச்சுப் பக்கங்களை ஓட்டமாக ஓடிப் படித்தேன். கையெழுத்து அத்தியாயம் வந்ததும் தானாகவே வேகம் குறைந்துவிட்டது. ஒவ்வொரு வரியையும் ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்பது கண்ணுக்குத் தெரிகிறதே, எப்படித் தாவிப் போவது? அந்த அத்தியாயத்துக்குப் பிறகு கதையில் பேசும் எல்லோருடைய குரலும் எனக்கு அத்தையின் குரலாக மாறிவிட்டது. 1968இல் வந்த படத்தைப் பல வருடம் கழித்துத் தொலைக்காட்சியில் பார்த்தபோதும் அந்த நீல எழுத்துதான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

இந்தக் கதை அழகான அச்சுப் புத்தகமாகக் கடையில் கிடைக்கிறது. என்னிடமும் ஒரு பிரதி இருக்கிறது. கேள்வி கேட்டவருக்கு நான் காட்ட விரும்புவது வீட்டுப் பைண்டில் இருக்கும் பின்பக்கங்களை. தொடர்கதையின் கடைசிப் பக்கத்துக்கு முதுகில் வேறொன்று அச்சாகியிருக்கும் அல்லவா? அதை வெட்டி எறிய முடியாது. அதனால் நாவலோடு சேர்ந்து அந்த வாரமும் தைக்கப்பட்டுவிடுகிறது. அத்தையின் புத்தகத்தில் ஒரு டார்ச் லைட் விளம்பரம், தலைவலித் தைலம், ஒரு சிறுகதையின் நடுப்பகுதி மட்டும், கேலிச் சித்திரம் ஒன்றின் மேல்பாதி, அவியலுக்குக் காய் நறுக்குவது வரை வந்து நின்றுவிடும் சமையல் குறிப்பு எல்லாம் இருக்கின்றன. மோகனா மேடையேறுகிறாள், தாளைத் திருப்பினால் குழந்தைக்கு வயிற்று உப்புசம் என்றால் என்ன கொடுக்க வேண்டும் என்று ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இதை எந்தப் பதிப்பகமும் அச்சிட்டுத் தராது. சிறுமியாக இருந்தபோது கதையைவிட இந்தப் பின்பக்கங்களுக்காகத்தான் திரும்பத் திரும்ப எடுத்தேன்.

எங்கள் வீட்டில் மட்டுமா? கல்கியில் 1950இல் தொடங்கி 1954 வரை வந்த 'பொன்னியின் செல்வ'னை மணியம் வரைந்த படங்களோடு ஐந்து பாகமாகத் தைத்து வைத்த வீடுகள் எத்தனை! சில்பியின் கோயில் கோட்டோவியங்களை மட்டும் தனியே சேர்த்தவர்கள் உண்டு. சென்னையில் மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோகும்வரை இப்படிப்பட்ட பைண்டு புத்தகங்கள் அங்கே விலைக்குக் கிடைத்தன. பிறகு திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் சாலை நடைபாதையில் பார்த்திருக்கிறேன். யார் வீட்டு அத்தையோ தைத்தது, முதல் பக்கத்தில் பெயரும் ஊரும் எழுதியபடி கிடக்கும். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். தனி மனிதராக ஏறக்குறைய ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் துணுக்குகளும் சேர்த்தார். 1992இல் அவர் காலமானபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி இங்கேயே பாதுகாக்க ஏற்பாடு செய்ததால்தான் இன்று சென்னை தரமணியில் அவர் பெயரில் ஆய்வு நூலகம் இருக்கிறது. சேர்த்து வைக்கும் பழக்கத்தை யாராவது குறைவாகப் பேசினால் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

சரி, வேலைக்கு வருகிறேன். அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவரிடம் கற்றுக்கொண்டேன்.

முதல் பாடம் காகிதத்தின் நார் ஓட்டம். துணிக்கு இருப்பதுபோல் காகிதத்துக்கும் அட்டைக்கும் ஒரு திசை உண்டு. தாளை நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ, நார் அந்த வளைவின் மடிப்போடு ஓடுகிறது. அந்த ஓட்டம் புத்தகத்தின் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். மாறினால் பசை காயும்போது அட்டை அப்பளம் மாதிரி வளைந்துகொள்ளும், பக்கங்களும் படியாமல் விறைத்து நிற்கும். இது தெரியாமல் நான் முதலில் செய்த நாலு புத்தகங்களும் அப்படித்தான் வளைந்தன.

தைப்பதற்கு மூன்று துளை போதும். தனித்தனி ஏடுகள் என்பதால் ஓரத்திலிருந்து அரை விரல் உள்ளே தள்ளிக் குத்தூசியால் துளை போட வேண்டும். மெழுகு தேய்த்த நூலை நடுத்துளையில் விட்டு, மேல்துளை வழியாகத் திரும்பி வந்து, நீளமாகக் கீழ்த்துளைக்குப் போய், மறுபடி நடுத்துளைக்கு வந்தால், நீளமாக ஓடும் நூலின் இருபுறமும் இரண்டு நுனிகள் நிற்கும். அந்த நூலைச் சேர்த்துப் பிடித்து முடிச்சு. கனமான புத்தகம் என்றால் ஐந்து துளை. நூலை இழுக்கும்போது தாள்கள் ஒன்றோடொன்று நெருங்கி இறுகும் அந்தக் கணம் கையில் தெரியும். அதற்காகவே இன்னொரு புத்தகம் தைக்கலாம் என்று தோன்றும்.

பசைக்கு மைதா ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறுதீயில் கிளறிக்கொண்டே இருந்தால் வெண்மை மாறிக் கண்ணாடிபோல் வரும்போது இறக்கலாம். பழைய பைண்டர்கள் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவார்கள். நான் போடுவதில்லை. அது விஷம், குழந்தைகள் உள்ள வீடு. தவிர, செம்புச் சத்து காலப்போக்கில் காகிதத்தை நொறுங்க வைக்கும். இரண்டு சொட்டுக் கிராம்புத் தைலம் விட்டு, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சுகிறேன். அலமாரியில் வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, பட்டை, கிராம்பு எல்லாம் இடித்துத் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்கு வைக்கும் முறை அது. அலமாரியைத் திறந்தால் பிள்ளை பெற்ற வீட்டு வாசனை வரும்.

கிழிந்த இடத்தில் செலோடேப் மட்டும் ஒட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். சில வருடத்தில் டேப் உதிர்ந்துவிடும், பசை மட்டும் உள்ளே இறங்கிப் பழுப்புக் கறையாக நிற்கும். மெல்லிய ஜப்பானியக் காகிதத்தைக் கையால் நார் நாராகக் கிழித்து, தண்ணீராக்கிய மைதாப் பசையில் ஒட்டினால் ஒட்டிய தடமே தெரியாது.

அட்டைக்கு மேலே காலிகோ துணி கிடைத்தால் நல்லது. எனக்குப் பிடித்தது பழைய சுங்குடிப் புடவை. துணியை அப்படியே ஒட்டினால் பசை வெளியே கசியும், அதனால் முதலில் பின்னால் மெல்லிய தாள் ஒட்டிக் காயவைக்க வேண்டும். அட்டையின் உட்புறத்துக்குக் கல்யாணப் பத்திரிகைகள். மஞ்சள் தடவிய ஓரமும் பொன்னிறப் பிள்ளையாரும் தெரிய ஒட்டுவேன். என் மகள் மூன்று வயதிலிருந்து கிறுக்கிய படங்கள் எல்லாம் அவள் சித்தியின் கல்யாணப் பத்திரிகையோடு ஒரே தொகுப்பாக இருக்கின்றன. யானைக்கு ஆறு கால், எல்லாவற்றுக்கும் செருப்பு.

ஒரு வருத்தமும் சொல்லிவிடுகிறேன். நான் தொழில் கற்குமுன், அத்தையின் வேறொரு தொகுப்பைக் கடையொன்றில் புது அட்டை போடக் கொடுத்திருந்தேன். ஓரம் சீராக இருக்கட்டும் என்று மூன்று பக்கமும் மெஷினில் வெட்டிவிட்டார்கள். அத்தை ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த குறிப்புகள் எல்லாம் பாதிப் பாதியாகப் போய்விட்டன. கேட்டதற்கு, "சுத்தமா இருக்கும்மா" என்று பதில். அவர்கள் வழக்கமாகச் செய்வதுதான், சொல்லாமல் விட்டது நான். அன்றுதான் இந்த வேலையை நானே கற்பது என்று முடிவெடுத்தேன்.

மோகனாம்பாளைத் தொடப் பல வருடம் தைரியம் வரவில்லை. அந்தக் காலத்துப் பத்திரிகைத் தாள் மரக்கூழ். அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுப்பாகிக்கொண்டே போகும், புரட்டினால் ஓரம் உதிரும். அத்தை தைத்த நூல் வேறு பக்கங்களை அறுக்கத் தொடங்கியிருந்தது. போன வருடம் சித்திரையில், அத்தையின் திதி முடிந்த மறுவாரம், பிரித்தேன். பழைய நூலை முடிச்சுக்குப் பக்கத்தில் வெட்டி, ஒவ்வொரு துளையிலிருந்தும் இடுக்கியால் உருவினேன். பக்கம் பக்கமாக எடுத்துக்கொண்டு வந்தபோது ஒன்றைக் கவனித்தேன். தைப்புக்கு உள்ளே மறைந்திருந்த அந்த அரை விரல் ஓரம் மட்டும் வெளுப்பாக இருந்தது. அறுபது வருடத்துக்கு மேல் வெளிச்சம் படாத இடம்.

கையெழுத்து அத்தியாயத்தின் முதல் தாளில், அந்த வெளுத்த ஓரத்தில், பென்சிலால் நெடுக்குவாட்டில் ஒரு வரி இருந்தது. எத்தனை முறை படித்த பக்கம் அது! தைப்புக்குள் இருந்ததால் எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

மறுபடியும் அதே துளைகளில் தைத்தால் அந்த வரி திரும்ப உள்ளே போய்விடும். அதனால் எல்லா ஏடுகளுக்கும் உள்ளோரத்தில் ஒரு விரற்கடை அகலத்துக்குப் புதுத்தாள் பட்டை ஒட்டி, தைப்பை அந்தப் பட்டைக்கு நகர்த்தினேன். நானூற்றுச் சொச்சம் ஏடுகள், ஏழு ஞாயிற்றுக்கிழமைகள். இப்போது புத்தகம் முழுதாக விரிகிறது. அந்தப் பக்கத்துக்கு வந்தால் வரியைத் தெளிவாகப் படிக்கலாம்:

"எதிர்வீட்டுப் பிரதி. வியாழனுக்குள் கொடுத்துவிட வேண்டும். படம் இன்னும் பாக்கி."